தாடி ஒட்டுவதற்கு முன்...

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், ஆண்டு விழா. வருடத்தில் இந்த மூன்று நாட்களிலும் பள்ளிக்கூட மேடைகளில் திடீர் திடீரென்று மீசை முளைக்கும்! 'மாறுவேடப் போட்டி' என்று டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியதும் வீட்டில் பரபரப்பு ஆரம்பிக்கும். கடைசியில் அது முந்தின நாள் ராத்திரி ஏதாவது ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய் முடியும். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்பு நைலான் மீசை, அதன் முதுகில் ஒரு துண்டு டேப். அதை ஒட்டினால் பாரதியார். அதையே ஒட்டினால் கட்டபொம்மன். அதையே ஒட்டினால் போலீஸ்காரர். தலைப்பாகையையும் வாளையும் லத்தியையும் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா ஒட்டு மீசையும் நிஜம் போல இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கதகளியில் சிவப்புத் தாடி, வெள்ளைத் தாடி, கறுப்புத் தாடி என்று வேடங்களே தாடியின் பெயரால் வழங்குகின்றன. வெள்ளைத் தாடி வந்தால் அனுமன் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அங்கே தாடி ஒரு அடையாளம், அதை யாரும் நிஜம் என்று நம்பப் போவதில்லை. 1981-ல் வந்த 'தில்லு முல்லு' படத்தின் வேடிக்கை முழுவதும் ரஜினியின் மீசை இருப்பதிலும் இல்லாததிலும்தான் இருக்கிறது. அங்கே ஒட்டு மீசை பொய்யாக இருந்தால்தான் கதையே!

ஆனால் ஒரு குழந்தை மைக் முன்னால் நின்று "நான்தான் இன்னார்" என்று ஒரு நிஜ மனிதரின் பெயரைச் சொல்லும்போது விஷயம் மாறிவிடுகிறது. அந்த மனிதரின் முகத்தை ஒரு முறையாவது உற்றுப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பாரதியார் என்றதும் முறுக்கு மீசைதான் ஞாபகத்துக்கு வரும். அவருடைய புகைப்படங்களில் தாடியோடு இருப்பவையும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியாரின் வெள்ளைத் தாடிக்குப் படங்கள் ஏராளம். கட்டபொம்மன் கதை வேறு. பெரும்பாலோர் மனதில் இருப்பது 1959-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் வைத்திருந்த மீசைதான். திருவள்ளுவர் தாடியோ ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மாவின் கற்பனை. யாருடைய தாடியை ஒட்டுகிறோம் என்று ஒரு பத்து நிமிடம் தேடினாலே குழந்தைக்கு ஒரு சரித்திரப் பாடம் கிடைத்துவிடும். கடை மீசை அந்தப் பத்து நிமிடத்தைத்தான் திருடிக்கொள்கிறது.

சரி, நிஜம் போலத் தெரியும் தாடியை வீட்டில் செய்ய முடியுமா? முடியும். ஒரு சாயங்காலம் போதும். நாடக ஒப்பனைக்காரர்கள் பயன்படுத்துவது 'கிரேப்' எனப்படும் கம்பளி முடி. நூலில் பின்னிய சடை போலக் கிடைக்கும். அவிழ்த்தால் சுருள் சுருளாக நிற்கும். லேசாக ஈரப்படுத்தி, இழுத்துக் கட்டிக் காய வைத்தால் சுருள் தளரும். ஒட்டுவதற்கு 'ஸ்பிரிட் கம்', அதாவது ஆல்கஹாலில் கரைத்த மரப்பிசின். மெல்லியதாகத் தடவி, தொட்டால் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து, முடியைச் சிறு சிறு கற்றையாக வைத்து ஈரத்துணியால் அழுத்த வேண்டும். தாடையின் அடியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும், கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி. மீசையை உதட்டோரத்தில் தொடங்கி மூக்குக்குக் கீழே முடிக்க வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகுதான் கத்தரிக்கோல்.

மூன்று விஷயங்கள் தாடியைக் காட்டிக் கொடுக்கும். முதலாவது, ஒரே நிறம். எந்த மனிதனின் தாடியும் முழுக்க ஒரே கறுப்பு இல்லை. கறுப்போடு கொஞ்சம் பழுப்பு கலந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, கோடு போட்ட மாதிரி நேரான ஓரம். நிஜத் தாடி கன்னத்தில் அடர்த்தி குறைந்துதான் முடியும். மூன்றாவது, இடைவெளி இல்லாத நிரப்பல். கீழுதட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் பலருக்கு முடி குறைவு. சினிமாவில் இதற்காகவே மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டுத் தாடி செய்கிறார்கள். பல மணி நேர வேலை என்பதால் ஒன்றைக் கழற்றிக் கழற்றித் திரும்பத் திரும்ப ஒட்டுவார்கள். சின்னக் குழந்தைக்கு இவ்வளவும் தேவையில்லை. கூர்மையான புருவப் பென்சிலால் ஒவ்வொரு முடியாக வரைந்த மீசையே நைலான் மீசையை விட நன்றாக இருக்கும்.

நீலகிரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆகஸ்ட் 15 வரும்போது ஊட்டியிலும் கூடலூரிலும் தென்மேற்குப் பருவமழை. நவம்பர் 14 வரும்போது குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை. சென்னையில் வியர்வை தாடியைக் கழற்றும் என்றால், மலையில் குளிர் அதை ஒட்டவே விடாது. பிசின் மெதுவாகத்தான் காயும். மூடுபனியின் ஈரத்தில் கிரேப் முடியின் சுருள் தொங்கிப் போகும். அதனால் மேடைக்குக் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே ஒட்டி, நன்றாகக் காய விட வேண்டும். அவசரத்தில் கணப்புக்கு அருகே முகத்தைக் காட்டவே கூடாது. ஸ்பிரிட் கம் எளிதில் தீப்பிடிக்கும். முந்தின நாளே முன்கையில் ஒரு சொட்டு தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிட வேண்டும். வீட்டுச் சாமான் ஒட்டும் பசையைக் குழந்தை முகத்தில் தடவுவது எந்தப் பரிசுக்கும் ஈடாகாது. கழற்றும்போது தேங்காய் எண்ணெய் ஊற வைத்து மெதுவாக எடுத்தால் தோல் உரியாது.

இவ்வளவும் தொழில்நுட்பம். இதை விட முக்கியமான ஒரு கேள்வி நீலகிரியில் இருக்கிறது. மாறுவேடப் போட்டி என்றதும் "நம்ம ஊர் ஸ்பெஷலாகத் தோடர் வேடம் போடலாமே" என்று யாருக்காவது தோன்றினால்? ஒரு போர்வை, ஒரு கம்பு, ஒரு பெரிய கறுப்புத் தாடி. கைத்தட்டலுக்குக் குறைவிருக்காது.

அந்தத் தாடிக்கு ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மலையேறி வந்த ஐரோப்பியர்களை முதலில் அசர வைத்தவற்றில் ஒன்று தோடர் ஆண்களின் அடர்ந்த தாடி. அந்தத் தாடியையும் மூக்கையும் பார்த்துவிட்டு, ரோமானியர் வழி வந்தவர்களோ, காணாமல் போன இஸ்ரேல் குலத்தாரோ என்றெல்லாம் சிலர் கற்பனை செய்தார்கள். தோடர்கள் பேசுவதோ ஒரு திராவிட மொழி! தாடியைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை. 1906-ல் வெளிவந்த ரிவர்ஸ் என்பவரின் 'தி தோடாஸ்' புத்தகத்துப் படங்களிலும் அந்தத் தாடிகள் இருக்கின்றன. இன்றைக்குத் தோடர் ஆண்களில் பலர் ஷேவ் செய்துகொண்டு பேன்ட் சட்டையில் வேலைக்குப் போகிறவர்கள். ஒட்டுத் தாடி அவர்களை மறுபடியும் அந்தப் பழைய புகைப்படத்துக்குள் தள்ளிப் பூட்டுகிறது.

பாரதியார் வேடம் ஒரு தனி மனிதருக்குச் செய்யும் மரியாதை. பெரியார் வேடமும் அப்படித்தான். 'தோடர்' என்பதோ ஒரு ஆள் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மட்டுமே உள்ள, அதே மாவட்டத்தில் வாழ்கிற ஒரு சமூகம். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு தோடர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். தன் தாத்தாவின் முகம் முப்பது ரூபாய் நைலானாக மேடையில் ஆடுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டுமா? தாடி எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

பெருமைப்படுத்தத்தானே போடுகிறோம் என்று சொல்வார்கள். பெருமைப்படுத்த வழியா இல்லை? சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும் பூத்குளிப் போர்வையின் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்கிற பெண்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். தோடர் பிள்ளை தன் வீட்டுப் பூத்குளியைத் தானே விரும்பிப் போர்த்திக்கொண்டு வந்தால், அது வேடமே இல்லை.

ஆகவே, டைரியில் அடுத்த முறை 'மாறுவேடப் போட்டி' என்று வரும்போது கடைக்கு ஓடுவதற்கு முன்னால் குழந்தையோடு உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். இந்த முகம் யாருடையது? அதை ஒட்டிக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு பிசினையும் கிரேப்பையும் எடுக்கலாம். தாடி நிச்சயம் நன்றாக வரும்.