மரக்கறித் தோட்டத்துக்கும் காணி உறுதி வேண்டும்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் உறைபனி கொட்டுகிறது. கொழுந்து கருகி, வேலை நாட்கள் குறைகின்றன. லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சியும் உருளைக்கிழங்கும் ஒரே இரவில் வதங்கிவிடுகின்றன. சம்பளம் குறையும் அதே மாதத்தில் மரக்கறியையும் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது.

இதைச் சமாளிக்கப் பெரிய செலவு தேவையில்லை. மூங்கிலை வளைத்துப் பொலித்தீன் போர்த்திய சிறு கூடாரம் போதும். கரண்டோ அடுப்போ வேண்டாம். பகல் வெயிலில் மண் சூடேறும். அந்தச் சூடு போகுமுன் பின்னேரமே மூட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வானம் தெளிந்த இரவுகளில் பொலித்தீன் மட்டும் போதாது. உள்ளே பாத்திக்கு மேல், செடியில் படாமல், பழைய சாக்கை விரிக்கலாம். லீக்ஸ், கோவா, சலாது குளிரைத் தாங்கும்.

ஆனால் கூடாரம் போடக் காணி எங்கே? 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. பரம்பரையாகக் குடியிருந்தும் லயத்து ஓரத் துண்டு நிலத்துக்கு நமக்கு எழுத்தில் உரிமை இல்லை. இன்று நட விடுபவர்கள் நாளை பிடுங்கச் சொல்லலாம். அந்தப் பயத்தோடு யார் பொலித்தீனுக்குக் காசு செலவழிப்பார்கள்? 7 பேர்ச்சஸில் வீடு கட்டியபின் மிஞ்சுவதும் சொற்பமே.

ஆகவே, வீட்டுக் காணியோடு மரக்கறித் தோட்டத்துக்கும் உறுதி கேட்போம். தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்க வேண்டும். நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மலையில் நம் பிள்ளைகளின் சட்டி வெறுமையாக இருக்கக்கூடாது.