கறுத்தாலும் காக்கும் மருந்து

2024-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில், புதுப்பல் முளைக்கச் செய்யும் மருந்தை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினர். செய்தித்தாள்கள் அதனைக் கொண்டாடின. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு பலர் கண்ணில் படவில்லை. பள்ளிச் சிறுவர்க்கு உடனே பயன்படுவது அதுவே.

சில்வர் டையமின் புளூரைடு என்னும் நீர்மத்தைச் சிறு தூரிகையால் சொத்தைப்பல்லில் தடவுவர். அதிலுள்ள வெள்ளி கிருமிகளை அழிக்கிறது. புளூரைடு பல்லை உறுதியாக்குகிறது. ஊசி வேண்டா, துளைக்கும் கருவி வேண்டா. நியூயார்க் நகரத் தொடக்கப்பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்ததில், கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை அடைக்கும் காப்புப்பூச்சுக்கு இம்மருந்து ஈடாக நின்றது. செவிலியர் தடவினாலும் பயன் குறையவில்லை. பல் மருத்துவர் எட்டாத நம் சிற்றூர்களுக்கு இச்செய்தியே பெரிது.

மருந்து பட்ட சொத்தை கறுத்துவிடும் என்பது உண்மை. முன்பல் கறுத்தால் வகுப்பில் கேலி எழும். பெற்றோரின் தயக்கம் இயல்பானதே. ஆகவே முன்னரே விளக்கி, அவர்தம் ஒப்புதல் பெறுதல் வேண்டும். நரம்பை எட்டிய சொத்தைக்கு இது தீர்வாகாது என்பதையும் மறைத்தல் கூடாது. ஆனால் கறையைக் காட்டி மருந்தையே ஒதுக்குவது முறையன்று. பால்பல் விழும்போது அதன் கறையும் போய்விடும். அதுவரை குழந்தை வலியின்றி உண்ணவும் உறங்கவும் வேண்டாவா?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பள்ளி மருத்துவப் பரிசோதனையில் 'பற்சொத்தை' என்று அட்டையில் எழுதியனுப்புவதோடு நில்லாமல், பல் மருத்துவரின் மேற்பார்வையில் அங்கேயே இம்மருந்தைத் தடவ அரசுகள் வழிசெய்யலாம்.