டிரக்கோமா ஒழிப்பில் மருந்தும் நீரும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

நிலைப்பாட்டின் சுருக்கம்

டிரக்கோமா என்னும் தொற்றுக் கண்நோய் தடுக்கக்கூடியது. அதனால் இனி ஒருவர்கூடப் பார்வை இழக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்குவதோடு ஒழிப்புப் பணி முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கை இவ்வமைப்பு ஏற்கவில்லை. மருந்து, அறுவைச் சிகிச்சை, முகத் தூய்மை, நீரும் கழிப்பறையும் கொண்ட வாழிடம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில், போதிய காலத்திற்குக் கிடைத்தால்தான் நோய் நிலையாக நீங்கும் என்பதே இவ்வமைப்பின் உறுதியான கருத்து.

நோயின் இயல்பு

டிரக்கோமாவை உண்டாக்குவது கிளமிடியா டிராகோமாடிஸ் என்னும் பாக்டீரியா. தமிழ்நாட்டில் ‘மெட்ராஸ் ஐ’ என்று வழங்கும் கண்வலி பெரும்பாலும் வைரஸால் வந்து சில வாரங்களில் தானே ஆறிவிடுவது. டிரக்கோமாவோ குழந்தைப் பருவம் முதல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தொற்றி, மெல்ல மெல்லப் பார்வையைப் பறிப்பது. நோயுற்ற குழந்தையின் கண்ணிலும் மூக்கிலும் வடியும் நீர், விரல்கள் வழியாகவும் பலர் முகம் துடைக்கும் ஒரே துணி வழியாகவும் முகத்தில் மொய்க்கும் ஈக்கள் வழியாகவும் மற்றவரைச் சேர்கிறது. அந்த ஈக்களுள் முதன்மையான இனம் திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிட்டுப் பெருகுவதால், கழிப்பறை இல்லாமையும் கண்நோயும் நேரடியாகத் தொடர்புடையவை.

தொற்றின் தொடக்கநிலையைக் கண்டறியக் கருவிகள் அதிகம் தேவையில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் குழந்தையின் மேலிமையைப் புரட்டி, இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே அதன் உட்புறச் சவ்வைப் பார்க்கிறார். அங்கே நடுப்பகுதியில், குறைந்தது அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெளிறிய நுண்முடிச்சுகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், உலக சுகாதார நிறுவனம் 1987-இல் வகுத்த எளிய தரவரிசைப்படி அக்குழந்தைக்கு முனைப்பான டிரக்கோமா இருப்பதாகப் பதிவு செய்யப்படுகிறது. இத்தகைய தொற்று பலமுறை நேரும்போது இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கி, இமை விளிம்பு உள்நோக்கி மடிய, இமைமயிர்கள் கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலத்தில், கண் சிமிட்டும்போதெல்லாம் உரசத் தொடங்குகின்றன. இந்த நிலைக்கு டிரிக்கியாசிஸ் என்று பெயர். தீராத வலியும் கண்கூச்சமும் தரும் இவ்வுரசலால் கருவிழி நாளடைவில் வெண்மையடைந்து ஒளிபுகாததாகிவிடுகிறது. அவ்வாறு இழந்த பார்வையை மீட்பது மிகக் கடினம்.

யாருடைய நோய்

உலகில் சுமார் 19 லட்சம் பேரின் பார்வையிழப்புக்கோ பார்வைக் குறைவுக்கோ டிரக்கோமா காரணமாக உள்ளது. தொற்று அபாயத்தில் வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் எத்தியோப்பியாவில் இருக்கிறார்கள். அங்கும் வடபகுதியின் ஆம்ஹாரா மாநிலம் நெடுங்காலமாகக் கடும் பாதிப்புக்கு உள்ளான பகுதி. தண்ணீர் எடுக்க நெடுந்தொலைவு நடக்க வேண்டிய வீட்டில், கொண்டுவந்த குடத்து நீர் முதலில் குடிக்கவும் சமைக்கவும் செலவாகிறதே ஒழியக் குழந்தையின் முகம் கழுவ மிஞ்சுவதில்லை. அக்குழந்தைகளைப் பேணும் தாய்மாரும் மூத்த சகோதரிகளும் அவர்களிடமிருந்து ஓயாமல் தொற்றுப் பெறுவதால், டிரிக்கியாசிஸ் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. உரசும் மயிர்களைச் சிறு இடுக்கியால் தாமே பிடுங்கிக்கொண்டு காலந்தள்ளும் பெண்கள் எத்தியோப்பியக் கிராமங்களில் ஏராளம். பிடுங்கிய மயிர் சில வாரங்களில் மீண்டும் முளைத்துக் கண்ணைக் குத்துகிறது.

இதுவரை அறியப்பட்டவை

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ஏற்றுக்கொண்ட ‘சேஃப்’ உத்தி நான்கு கூறுகளைக் கொண்டது: மடிந்த இமையைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை, நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து, முகத் தூய்மை, சூழல் மேம்பாடு. மருந்துக்கூறில் முதன்மையானது அசித்ரோமைசின். 1998 முதல் ஃபைசர் நிறுவனம் நன்கொடையாக வழங்கிவரும் இம்மருந்து, பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் நோயுள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுமைக்கும் ஒரே வேளை மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. எடைக்கருவி தேவைப்படாதபடி, அளவுக்குறிகள் இட்ட ஒரு கோலின் அருகே குழந்தையை நிற்க வைத்து, உயரத்தைக் கொண்டே மருந்தின் அளவு முடிவு செய்யப்படுகிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளின் கண்களிம்பு தரப்படுகிறது.

இம்முயற்சியின் பயனை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஓமான் 2012-இலும், கானாவும் நேபாளமும் 2018-இலும், மலாவி 2022-இலும் டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவிக்கப்பட்டன. 1963-இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் அதைப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தோடு இணைத்த இந்தியா, 2024 அக்டோபரில் அதே அங்கீகாரத்தைப் பெற்றது. ஒன்று முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளில் முனைப்பான நோய் 5 விழுக்காட்டுக்கும் கீழ் இருப்பதும், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சுகாதாரத் துறை அறியாத டிரிக்கியாசிஸ் 0.2 விழுக்காட்டுக்கும் கீழ் இருப்பதும் இந்த அங்கீகாரத்திற்கான முதன்மை அளவுகோல்கள்.

எனினும் ஆம்ஹாராவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்குப் பத்தாண்டுக்கு மேல் மருந்து வழங்கியும் பல மாவட்டங்களில் நோய் அளவுகோலுக்குக் கீழே இறங்கவில்லை. இறங்கிய சில இடங்களில், மருந்து நின்றபின் மீண்டும் தலைதூக்கியது. மறுபுறம், அதே மாநிலத்தில் நீர்வசதியும் தூய்மைக் கல்வியும் அளித்து மூன்றாண்டுகள் நடத்தப்பட்ட சமூகச் சோதனை ஒன்றில், அவற்றால் மட்டும் தொற்று குறையவில்லை என்று தெரியவந்தது. இம்முடிவைக் காட்டி நீர்த் திட்டங்களுக்கான நிதியை மருந்துக்கு மாற்ற வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் தவறானது. தொற்று மிகக் கடுமையாக உள்ள ஊரில், சில நீர்முனைகளும் சில ஆண்டுப் பரப்புரையும் போதா என்பதையே சோதனை காட்டுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வருவதற்கு முன்பே, குழாய்நீரும் கழிவகற்றலும் நெருக்கடியற்ற குடியிருப்பும் வந்த ஊர்களிலிருந்து டிரக்கோமா விலகத் தொடங்கியது என்பது வரலாறு. வளமான நாடான ஆஸ்திரேலியாவில், தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் மட்டும் அது இருபத்தோராம் நூற்றாண்டிலும் நீடித்தது இதே உண்மையின் மறுபக்கம்.

அமைப்பின் நிலைப்பாடு

மேற்கண்டவற்றின் அடிப்படையில் இவ்வமைப்பு பின்வருவனவற்றை வலியுறுத்துகிறது.

1. மருந்து வழங்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் நீர், கழிப்பறை, முகத் தூய்மைப் பணிகளுக்குத் தனி நிதியும், அவற்றுக்கெனப் பொறுப்பேற்கும் துறையும் அதே திட்டத்தில் இடம்பெற வேண்டும். கண்நோய்த் திட்டத்தைச் சுகாதாரத் துறை மட்டும் சுமக்க முடியாது. குடிநீர், கல்வித் துறைகள் உடன் நிற்க வேண்டும்.

2. டிரிக்கியாசிஸ் அறுவைச் சிகிச்சை பெண்களைத் தேடிச் செல்ல வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே, கண்ணிமையை மட்டும் மரக்கச் செய்து இதைச் செய்ய இயலும் என்பதால், தொலைவையும் செலவையும் குடும்பத்தின் அனுமதியையும் தடையாக விட்டுவைப்பதற்கு நியாயமில்லை. ஒருமுறை திருத்திய இமை மீண்டும் மடிவதும் உண்டு என்பதால், சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து பரிசோதிப்பதும் அதே சேவையின் பகுதியாக வேண்டும்.

3. ஒழிப்பு அங்கீகாரம் பெற்ற நாடுகள், இந்தியா உட்பட, கண்காணிப்பைக் கைவிடலாகாது. சிறுவயதில் தொற்றுப் பெற்றுத் தழும்பேறிய இமைகளோடு வாழும் முதியோருக்குப் புதிய தொற்று இல்லாமலேயே பின்னாளில் டிரிக்கியாசிஸ் வரக்கூடும்; அவர்களைக் கண்டறியும் வழி நிலையாக இருந்தாக வேண்டும்.

4. முகம் கழுவாத குழந்தைக்காகத் தாயைக் குறைகூறும் பரப்புரை கைவிடப்பட வேண்டும். நீரை வீட்டருகே கொண்டுவருவது அரசின் கடமை. அது நிறைவேறிய பின்னரே தூய்மைக் கல்விக்குப் பொருள் உண்டு.

உலக நாடுகள் டிரக்கோமா ஒழிப்புக்கு முதலில் குறித்த ஆண்டு 2020. அது கடந்து, இப்போது இலக்கு 2030 என்று மாற்றப்பட்டுள்ளது. இன்னொரு முறை தேதியைத் தள்ளிவைக்க நேராதிருக்க, நன்கொடையாளர்களும் அரசுகளும் மருந்துக் கணக்கைப் போலவே நீர்முனைகளின் கணக்கையும், அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களின் கணக்கையும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.