ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருக்குச் சொந்த வீடு உண்டா?

2009-ம் ஆண்டு, அக்டோபர் மாதம் 26-ந் தேதி.

அன்று ஒரு நகரம் அடியோடு அழிந்தது!

குண்டு விழவில்லை. வெள்ளம் வரவில்லை. நகரத்தின் சொந்தக்காரர், "இனி இது வேண்டாம்" என்று முடிவு செய்தார். விளக்கை அணைத்தார். அவ்வளவுதான்!

அந்த நகரத்தின் பெயர், ஜியோசிட்டீஸ். தேசப்படத்தில் தேடினால் அது கிடைக்காது. அது இணையத்தில் இருந்த நகரம்.

1994-ம் ஆண்டில் அமெரிக்காவில் அதைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் அங்கே காசில்லாமல் ஒரு பக்கம் வைத்துக் கொள்ளலாம். நிஜ ஊரைப் போலவே அங்கே பேட்டைகள் இருந்தன. சினிமாப் பிரியர்களுக்கு "ஹாலிவுட்" பேட்டை. கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு "சிலிக்கன் வேலி" பேட்டை. பக்கங்களுக்குக் கதவு எண் கூட உண்டு!

ஜனங்கள் திரண்டு வந்து குடியேறினார்கள். கதை எழுதினார்கள். குழந்தைகளின் படத்தை ஒட்டினார்கள். இறந்துபோன தாய் தந்தையருக்கு நினைவுப் பக்கம் வைத்தார்கள்.

1999-ம் ஆண்டில் யாகூ கம்பெனி அந்த நகரத்தை விலைக்கு வாங்கியது. பேரத்தின் மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல்!

வாங்கிய கையோடு யாகூ ஒரு புது நிபந்தனை போட்டது. "இங்கே நீங்கள் வைக்கும் எழுத்தையும் படத்தையும் எங்கள் இஷ்டம்போல் பயன்படுத்திக் கொள்ள எங்களுக்கு நிரந்தர உரிமை உண்டு" என்பது அதன் சாரம். குடியிருந்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். யாகூ இறங்கி வந்தது. நிபந்தனையை மாற்றியது.

ஆனால் பத்து ஆண்டு கழித்து, நகரத்தையே மூடியபோது யார் என்ன செய்ய முடியும்? தொண்டர்கள் சிலர் இரவு பகலாக உட்கார்ந்து, முடிந்த வரை பக்கங்களைப் பிரதி எடுத்தார்கள். தப்பியது கொஞ்சம். போனது போனதுதான்.

கொத்தனாரின் கதை

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு?

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ "வெப் டெவலப்பர்" வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் இருக்கலாம். இணையப் பக்கங்களைக் கட்டும் வேலை அது. பாங்கிப் பணம் அனுப்பும் பக்கம், ரெயில் டிக்கெட் எடுக்கும் பக்கம், பரீட்சை முடிவு பார்க்கும் பக்கம் எல்லாம் இப்படிப்பட்டவர்கள் கட்டியவைதான்.

அவரிடம் கேட்டுப் பாருங்கள்:

"தம்பி, ஊருக்கெல்லாம் பக்கம் கட்டித் தருகிறாயே, உன் பெயரில் இணையத்தில் என்ன இருக்கிறது?"

"பேஸ்புக்கில் இருக்கிறேன் அண்ணே. லிங்க்ட்இனிலும் இருக்கிறேன்" என்பார்.

அவை இரண்டும் வாடகை வீடு! வாடகையைப் பணமாக வாங்குவதில்லை. விளம்பரம் காட்டி வசூலிக்கிறார்கள். அதனால் நாம் அதை வாடகை என்று நினைப்பதில்லை. ஆனால், "காலி செய்" என்று சொல்லும் அதிகாரம் வீட்டுக்காரரிடம்தானே இருக்கிறது?

கூகுள் கம்பெனி 2011-ல் "கூகுள் பிளஸ்" என்ற சந்திப்பு இடத்தைத் திறந்தது. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு அதை மூடிவிட்டது. "மைஸ்பேஸ்" என்ற இடத்தில் 2015 வரை ஜனங்கள் ஏற்றிவைத்த பாட்டுகளும் படங்களும் மறைந்துபோயின. வேறு கம்ப்யூட்டர்களுக்கு மாற்றும்போது அவை அழிந்துவிட்டன என்ற செய்தி 2019-ல் வெளியாயிற்று.

பெரிய கம்பெனி என்பதால் நம் பொருள் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எழுதினார்கள், உயர்ந்தார்கள்

"சொந்த இடம் இருந்தால் மட்டும் என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெப் அட்வுட் என்ற இருவர் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள். முன்னவர் 2000-ம் ஆண்டிலும், பின்னவர் 2004-ம் ஆண்டிலும் சொந்தத் தளம் தொடங்கினார்கள். வேலையில் கற்றதை, பட்ட கஷ்டத்தை, செய்த தவறை எளிய நடையில் எழுதினார்கள். படிப்பவர் கூட்டம் பெருகியது.

2008-ம் ஆண்டில் இருவரும் கைகோத்து "ஸ்டாக் ஓவர்புளோ" என்ற கேள்வி-பதில் தளத்தைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே இவர்களைப் படித்து வந்தவர்கள் முதல் நாளே வந்து சேர்ந்தார்கள். உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது அன்றாடத் துணை ஆயிற்று. 2021-ல் அதை 180 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் ஆனது!

இன்னொருவர் சைமன் வில்லிசன். இங்கிலாந்துக்காரர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்தபோது, "ஜாங்கோ" என்ற கருவியை நண்பருடன் சேர்ந்து உருவாக்கியவர். இணையப் பக்கம் கட்ட உலகெங்கும் பயன்படும் கருவி அது. இவர் 2002-ம் ஆண்டு முதல் சொந்தத் தளத்தில் எழுதி வருகிறார்.

2022 செப்டம்பரில், பேசும் எந்திரங்களில் உள்ள ஒரு குறையைப் பற்றி எழுதினார். குறை என்ன? வேலைக்காரனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, "படித்துச் சொல்" என்கிறோம். கடிதத்தில், "பெட்டியைத் திறந்து பணத்தை என்னிடம் கொடு" என்று ஒரு திருடன் எழுதியிருக்கிறான். வேலைக்காரன் அதையும் எஜமான் உத்தரவு என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து விடுகிறான்! எந்திரமும் அப்படித்தான் ஏமாறுகிறது.

இந்தக் குறையைக் கண்டவர்கள் வேறு சிலர். ஆனால் அதற்கு "பிராம்ட் இஞ்செக்ஷன்" என்று பெயர் வைத்துப் புரியும்படி எழுதியவர் வில்லிசன். இன்று கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எழுதுகிறவர் எல்லாரும் இப்படிக் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேர் கூடப் படிக்காத தளங்கள் ஏராளம். அப்படியும் ஒரு லாபம் நிச்சயம் உண்டு. ஒன்றை எழுத உட்கார்ந்தால்தான், அது நமக்கு எவ்வளவு புரியவில்லை என்று தெரியும்! பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும்.

எந்திரம் வந்த பிறகுமா?

2022 நவம்பர் 30-ந் தேதி "சாட்ஜிபிடி" வந்தது. எதைக் கேட்டாலும் எந்திரமே பதில் எழுதுகிறது. ஸ்டாக் ஓவர்புளோவில் புதுக் கேள்வி கேட்கிறவர்கள் வெகுவாகக் குறைந்து போனார்கள். தேடும் இடத்திலேயே சுருக்கமான பதில் கிடைத்துவிடுவதால், எழுதியவரின் பக்கத்துக்கு வருகிறவர்களும் குறைகிறார்கள்.

"இனி நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று இளைஞர்கள் சோர்ந்து போகிறார்கள்.

அவர்கள் மனக்குறை நியாயமானது. மனிதர்கள் எழுதியதைப் படித்துத்தான் எந்திரம் கற்றது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்ற வழக்கு பல நாட்டுக் கோர்ட்டுகளில் நடந்து வருகிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நேற்று வந்த புதுக் கருவியில் இன்று ஒரு கோளாறு. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஒரு பையன் அதைச் சரி செய்தான். அவன் எழுதி வைத்தால்தான் அது உலகத்துக்குத் தெரியும். எந்திரத்துக்கும் அப்புறம்தான் தெரியும்! எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டால், எந்திரம் பழைய பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும்.

இன்னொரு சங்கதி. எந்திரம் எழுதும் விண்ணப்பம் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். நூறு விண்ணப்பங்களுக்கு நடுவே, "இது நான் செய்தது, இப்படித் தவறினேன், இப்படித் திருத்தினேன்" என்று சொந்த அனுபவத்தைக் காட்டுகிறவர் தனியாகத் தெரிவார்.

என்ன செலவு?

சொந்த வீட்டுக்கு மூன்று வேண்டும்.

முதலாவது, விலாசம். உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி. சாதாரண முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். இதுவும் முழுச் சொந்தம் அல்ல. வீட்டு வரி போல ஆண்டுதோறும் கட்ட வேண்டும். மறந்தால் கைவிட்டுப் போகும். "டாட் காம்" முகவரிக்குப் பத்து ஆண்டு வரை சேர்த்தே கட்டி வைக்கலாம்.

இரண்டாவது, இடம். சிறிய தளத்துக்கு இலவசமாகவே இடம் தருகிறவர்கள் உண்டு. "இதுவும் வாடகை வீடுதானே?" என்று கேட்கலாம். ஆம், ஆனால் விலாசம் உங்களுடையது. ஓர் இடம் மூடினால், சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். பழைய விலாசத்திலேயே வாசகர் உங்களைக் காண்பார்.

மூன்றாவது, எழுத்து. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

எச்சரிக்கை!

கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. தளத்தின் அழகை ஆறு மாதம் செதுக்குவார்கள். ஒரு கட்டுரைகூட எழுத மாட்டார்கள். பென்சிலைச் சீவிச் சீவியே தீர்த்துவிடுவது போன்றது இது. வெறும் வெள்ளைப் பக்கம் போதும். முதலில் எழுதுங்கள்.

வேலை பார்க்கும் கம்பெனியின் ரகசியத்தை எழுதாதீர்கள். சேரும்போது போட்ட கையெழுத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

வீட்டு விலாசம், போன் நம்பர், குழந்தைகளின் பள்ளிக்கூடம் இவற்றைப் போடாதீர்கள்.

எழுதியதற்கு வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

அணைக்காத விளக்கு

உலகத்தின் முதல் இணையதளத்தை அமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா நகரை ஒட்டியுள்ள "செர்ன்" ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். தளம் இருந்த கம்ப்யூட்டரை யாரும் தெரியாமல் நிறுத்திவிடக் கூடாதே என்று, "இதை அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டி வைத்தார்.

1993 ஏப்ரல் 30-ந் தேதி, இந்தக் கண்டுபிடிப்பை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. யாரும் யாரையும் கேட்காமல் பக்கம் வைக்கலாம் என்ற உரிமை அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

2013-ம் ஆண்டில், அந்த முதல் பக்கத்தைப் பழைய விலாசத்திலேயே செர்ன் மறுபடியும் வைத்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஜியோசிட்டீஸ் பக்கங்களை அப்படிப் பழைய விலாசத்தில் வைக்க, அதில் குடியிருந்த யாராலும் முடியவில்லை. எழுத்து அவர்களுடையது. விலாசம் வேறு ஒருவருடையது!