சரக்குப் பெட்டகமும் மென்பொருள் பெட்டகமும்

ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்பதை அறிய விரும்பினால், புள்ளிவிவர அறிக்கைக்குக் காத்திராமல் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளைப் பாருங்கள் என்று வகுப்பறையில் நான் சொல்வதுண்டு. இன்று அதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரி ஓட டீசலும் சக்கரமும் ஓட்டுநரும் மட்டும் போதாது. எங்கோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் சர்வரும் ஓடியாக வேண்டும்.

இதை நம் நாடு நேரடியாக உணர்ந்த நாள் 2018 பிப்ரவரி 1. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குகளுக்கு 'இ-வே பில்' கட்டாயம் என்ற விதி அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதிலிருந்தும் வணிகர்களும் லாரி உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் இணையதளத்தை அணுகினர். தளம் திணறிப்போனது. முதல் நாளிலேயே திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஏப்ரல் 1 முதல்தான் மீண்டும் தொடங்கியது. சட்டம் ஆயத்தமாக இருந்தது. சரக்கும் ஆயத்தமாக இருந்தது. இரண்டையும் இணைக்கும் மென்பொருள்தான் பாரம் தாங்கவில்லை.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு உலகின் முன்னணிக் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் இதைவிடப் பெரிய அடியை வாங்கியிருந்தது. 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற தீநிரல் உக்ரைனிலிருந்து பரவி, சில மணி நேரத்தில் அந்த நிறுவனத்தின் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. பல நாடுகளில் அதன் சரக்கு முனையங்கள் முடங்கின. நம் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் முனையமும் பாதிக்கப்பட்டது. கப்பலும் பாரந்தூக்கியும் ஆட்களும் அங்கேயேதான் இருந்தனர். எந்தப் பெட்டி யாருடையது, எங்கே போக வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவியதாக அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் டாவோஸ் மாநாட்டில் தெரிவித்தார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனம் மதிப்பிட்டது. இந்த மீட்சியில் ஒரு விந்தையும் உண்டு. வலையமைப்பின் அடிப்படைத் தகவலைத் தாங்கியிருந்த சர்வர்கள் எல்லாம் அழிந்துபோக, கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்தடை! உலக வணிகத்தின் ஒரு பெரும் பகுதி, ஆப்பிரிக்க நகரம் ஒன்றின் மின்வெட்டால் காப்பாற்றப்பட்டது. இதை நல்வாய்ப்பு என்று சொல்லலாம். ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகும் இத்தகைய நிகழ்வுகள் நிற்கவில்லை. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தின் முனைய மென்பொருள் தாக்கப்பட்டு, இரண்டு நாள்களுக்கு மேல் பெட்டகப் போக்குவரத்து நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டிபி வேர்ல்டு நிறுவனம், ஊடுருவலைக் கண்டறிந்ததும் தன் இணையத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், பிரீமேன்டில் ஆகிய நான்கு துறைமுகங்களில் சுமார் 30,000 பெட்டகங்கள் தேங்கின.

இந்தச் சிக்கலுக்குத் தகவல் தொழில்நுட்பத் துறை முன்வைக்கும் விடைக்கு, பொருத்தமாகவே 'கன்டெய்னர்' என்று பெயர். அந்தச் சொல் துறைமுகத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது. ஆகவே, முதலில் துறைமுகத்துப் பெட்டகத்தின் கதையைப் பார்ப்பது பயன் தரும்.

மால்கம் மெக்லீன் ஓர் அமெரிக்க லாரி நிறுவன முதலாளி. 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய 'ஐடியல்-எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களுடன் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் மூட்டைகளையும் பீப்பாய்களையும் தனித்தனியே கப்பலில் ஏற்ற ஒரு டன்னுக்கு 5.86 டாலர் செலவானது. மெக்லீனின் முறையில் அது 16 சென்ட் ஆகக் குறைந்தது. பெட்டி என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒரே அளவுள்ள பெட்டியைத் திறக்காமலேயே லாரி, ரயில், கப்பல் மூன்றிலும் மாற்றி ஏற்றலாம் என்பதே புதுமை. அந்தப் பெட்டகத்தின் இணைப்பு வடிவமைப்புக்கான காப்புரிமையை அவருடைய நிறுவனம் விட்டுக்கொடுத்ததால்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான தர அளவு உருவானது. பெட்டகத்தின் மதிப்பு அதன் இரும்பில் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவில் இருக்கிறது.

மென்பொருளிலும் இதே சிக்கல்தான் இருந்தது. எழுதியவரின் கணினியில் ஒழுங்காக இயங்கும் நிரல், வேறொரு சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' என்ற கருவி, நிரலையும் அது இயங்கத் தேவையான துணைப்பொருள்களையும் ஒரே பெட்டகமாகக் கட்டிவைக்கும் முறையைப் பரவலாக்கியது. அதை எந்த சர்வரிலும் ஏற்றலாம், எந்த நிறுவனத்தின் மேகக் கணினியிலும் இயக்கலாம். ஆயிரக்கணக்கான பெட்டகங்களை மேய்ப்பதற்கு 2014-இல் கூகுள் 'குபர்னெட்டீஸ்' என்ற மேலாண்மைத் தளத்தைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

சுக்கான் பிடிப்பவரின் வேலை எளிமையானது. 'இந்தச் சேவைக்கு எப்போதும் பத்துப் பெட்டகங்கள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்' என்று நாம் எழுதிக்கொடுத்துவிட்டால், அது ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டு நின்றுபோனால் ஆள் வருவதற்குள் வேறு இரண்டை எழுப்பும். ஒரு சர்வரே பழுதானால் அதிலிருந்தவற்றை அடுத்ததில் இயக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் மாதக் கடைசியிலும் முன்பதிவு குவியும்போது பத்தை ஐம்பதாக்கும். கூட்டம் வடிந்ததும் குறைக்கும். புதிய பதிப்பை ஏற்றும்போது கடையைச் சாத்தாமல், ஒவ்வொரு பெட்டகமாக மாற்றும். கோளாறு தெரிந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழிவிடும். லாரி எங்கே நிற்கிறது, கிடங்கில் இடம் இருக்கிறதா, சுங்க ஆவணம் சரியா என்ற கேள்விகளுக்கு இரவும் பகலும் விடை தரவேண்டிய சரக்குத் துறைக்கு இது பெரிய வரம்.

ஆனால், வரத்துக்கு எல்லை உண்டு. நின்றுபோன பெட்டகத்தை எழுப்பத் தெரிந்த சுக்கானுக்கு, தவறாகக் கணக்கிடும் பெட்டகத்தை அடையாளம் காணத் தெரியாது. தவறான நிரலைக் கொடுத்தால் அதையும் பத்துப் பிரதிகளாகப் பிழையின்றி இயக்கும். பெட்டகங்கள் எத்தனை இருந்தாலும் அவை எல்லாம் நம்பியிருக்கும் தரவுத்தளம் ஒன்றே என்றால், அது விழுந்தால் எல்லாம் விழும்.

2025 அக்டோபர் 20 இதற்குச் சான்று. அமேசானின் மேகக் கணினிச் சேவையின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், ஒரு தரவுத்தளத்தின் இணைய முகவரியைப் பராமரிக்கும் தானியங்கி ஏற்பாட்டில் உள்ள இரு பகுதிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. முகவரிப் பதிவு வெறுமையானது. வங்கிச் செயலிகள் முதல் விளையாட்டுத் தளங்கள் வரை பல நாடுகளில் மணிக்கணக்கில் முடங்கின. தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் என்று கட்டப்பட்ட ஏற்பாடுதான் முகவரியை அழித்தது. அதைச் சரிசெய்ய மனிதர் கை வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஒரு பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் தரப்பட்டதை நாம் பார்த்தோம்.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. உலகின் மேகக் கணினிச் சந்தையில் பெரும்பங்கு அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. ஒரு துறைமுகமும், அதற்குச் சரக்கு அனுப்பும் லாரி நிறுவனமும், அதற்குக் காப்பீடு தரும் நிறுவனமும் தனித்தனியே சிந்தித்து, தனித்தனியே ஒப்பந்தம் போட்டு, கடைசியில் ஒரே மையத்தில் குடியேறியிருக்கலாம். ஒவ்வொருவரும் தம் அளவில் இடர்ப்பாட்டைக் குறைத்துக்கொள்கின்றனர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இடர்ப்பாடு ஒரே இடத்தில் குவிகிறது.

இரண்டாவது கேள்வி, சேவை நின்றால் இழப்பு யாருக்கு என்பது. '99.9 விழுக்காடு நம்பகம்' என்று விளம்பரம் செய்யப்படுகிறது. கேட்பதற்கு முழுமை போலத் தோன்றும் இந்த எண், ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேர முடக்கத்துக்கு இடம் தருகிறது. 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். ஒவ்வொரு ஒன்பதைக் கூட்டுவதற்கும் செலவு பல மடங்காகும் என்பதால், நிறுவனங்கள் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வது இயல்பே. ஆனால், சராசரி எண் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த எட்டே முக்கால் மணி நேரம் ஆண்டு முழுவதும் பரவி வருமா, தூத்துக்குடியில் கப்பல் சரக்கேற்றலை முடிக்கும் நாளில் மொத்தமாக வருமா?

மொத்தமாக வந்தால் இழப்பு மென்பொருள் உரிமையாளருக்கு அன்று. சேவை முடங்கினால் மேகக் கணினி நிறுவனம் பொதுவாகத் தருவது அடுத்த கட்டணத்தில் ஒரு கழிவு மட்டுமே. கப்பலைத் தவறவிட்ட திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் போய்விடலாம். சங்ககிரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ கடன் வாங்கி லாரி ஓட்டுபவருக்கு, வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை இல்லாத நாள், தவணையோ நிற்பதில்லை. ஒருவரின் முடிவால் விளையும் இழப்பை வேறொருவர் சுமப்பதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. அது சந்தையால் தானாகத் தீராது; விதி வகுத்தே தீர்க்க வேண்டும்.

இ-வே பில்லையே எடுத்துக்கொள்வோம். அதன் செல்லுபடிக் காலம் முடிந்தால், முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் இணையதளத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தளமே இயங்காவிட்டால்? செல்லாத ஆவணத்துடன் பிடிபடும் சரக்குக்கு வரியின் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சர்வரின் பழுதுக்கு ஓட்டுநர் நெடுஞ்சாலையோரம் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை அது. இதை உணர்ந்தே, ஒரு தளம் நின்றால் மற்றொன்றில் பணி தொடரும்படி இரண்டாவது இ-வே பில் தளம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2018-இன் முதல் நாள் திணறலோடு ஒப்பிட்டால், இது பாராட்டத்தக்க முன்னேற்றம். நம்பகத்தைக் கட்டணக் கழிவாகக் கருதாமல் கட்டமைப்பாகக் கருதியதன் விளைவு.

அதே அணுகுமுறை பிற இடங்களுக்கும் விரிவடைய வேண்டும். துறைமுகம், சுங்கம், சரக்கு ரயில், சுங்கச்சாவடி ஆகியவற்றின் மென்பொருள்கள் எத்தனை நேரம், எந்தெந்த நாளில் நின்றன என்பதை ஒவ்வொரு மாதமும் வெளியிடுவது முதல் தேவை. நிறுத்தம் பதிவானால் அந்த நேரம் ஆவணங்களின் செல்லுபடிக் காலத்தில் தானாகவே சேர வேண்டும். லாரிக்காரர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. துறைமுகத்தின் தவறால் பெட்டகம் தேங்கினால், தேக்கக் கட்டணம் வசூலிப்பதும் நிறுத்தப்பட வேண்டும். ஒரே மேக மையத்தை மட்டும் நம்பியிருக்கும் பொதுச் சேவைக்கு இரண்டாவது ஏற்பாடு கட்டாயமாக்கப்பட வேண்டும். பெட்டக முறையில் எழுதிய மென்பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது எளிது என்பதால், இதைச் செய்ய முடியாது என்று கைவிரிக்கவும் இயலாது.

செலவு கூடும், அது கடைசியில் சரக்குக் கட்டணத்தில்தான் ஏறும் என்ற வாதம் எழும். நியாயமான வாதம்தான். ஆனால், செலவு இப்போதும் இல்லாமல் இல்லை. கணக்கில் ஏறாமல், குறைந்த பலமுள்ளவர் தலையில் விழுகிறது. எல்லோரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்ளும் செலவாக அதை மாற்றுவது சிக்கனத்துக்கு எதிரானது அன்று. எல்லாச் சேவைக்கும் ஒரே அளவு நம்பகம் தேவையுமில்லை. மாதாந்திர அறிக்கை ஒரு நாள் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை. துறைமுக வாசலைத் திறக்கும் அனுமதிச் சீட்டு ஒரு மணி நேரம் தாமதமானால் சாலை அடைபடும். எங்கே செலவிட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே திட்டமிடல்.

இன்னொன்றும் உண்டு. மெர்ஸ்க் முடங்கிய பத்து நாள்களில், அதன் சரக்கின் அளவு சுமார் 20 விழுக்காடு மட்டுமே குறைந்தது. எஞ்சியதை ஊழியர்கள் காகிதத்திலும் தொலைபேசியிலும் கையாண்டனர். சுக்கான் மென்பொருள் எதுவும் அன்று அவர்களுக்கு உதவவில்லை; வேலையின் உள்ளடக்கத்தை அறிந்த மனிதர்களே உதவினர். நம் சரக்கு அலுவலகங்களில் பட்டியல் எழுதவும் முத்திரை சரிபார்க்கவும் தெரிந்த மூத்த எழுத்தர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். அவர்களின் அறிவை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்வர் இல்லாமல் வாசலை இயக்கும் ஒத்திகை நடத்துவது, இன்னொரு சர்வர் வாங்குவதைவிட மலிவான காப்பீடு.

இரும்புப் பெட்டகம் உலகை மாற்றியது, அதன் அளவை எல்லோரும் பொதுவாக ஏற்றுக்கொண்டதால். மென்பொருள் பெட்டகத்தின் பயனும் அப்படிப்பட்ட பொது விதிகளால்தான் முழுமை பெறும். நிறுத்தத்தை மறைக்காமல் சொல்வது, அதன் இழப்பைப் பிறர் தோளில் ஏற்றாமல் இருப்பது என்ற இரண்டையும் பொறியாளர் நிரலில் எழுத முடியாது. அரசு சட்டத்தில்தான் எழுத வேண்டும்.