ஒயில் குடிக்கிற எஞ்சினும் ‘நோர்மல்’ என்ற பதிலும்

எஞ்சின் ஒயில் குடிக்குது என்று வொரன்ட்டியோட போனால் முதல் வாற பதில், “அது நோர்மல்தான்.” எது நோர்மல் என்று முடிவெடுக்கிறது யார்? செய்து வித்த கொம்பனியேதான்.

அமெரிக்காவில் 2007 தொடக்கம் 2009 வரையான டொயோட்டா கம்ரிகளின் 2.4 லீற்றர் எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன், ரிங் குறைபாட்டால் ஒயில் எரிந்தது. பிறகு கொம்பனி வொரன்ட்டியை நீட்டியது. ஆனால் ஏறக்குறைய 2,000 கிலோமீற்றருக்குள் ஒரு லீற்றரளவு குறைந்தால்தான் இலவசத் திருத்தம். அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் குடிச்சால்? உங்கட காசு.

அளவுகோலும் தீர்ப்பும் ஒரே கையில் இருக்கிறது நியாயமில்லை. அந்த எல்லையை விக்கும்போதே எழுத்தில் தரவேணும். அதுவரைக்கும் டிப்ஸ்டிக் அளவு, மீற்றர், ஒயில் வாங்கின பில் எல்லாத்தையும் திகதியோட பதிஞ்சு வையுங்கோ. சும்மா வாயால சொன்னால் எடுபடாது.