பூனைகளுக்கும் வேண்டும் கருத்தடை

தெருப்பூனைகளுக்கு மீனும் சோறும் வைக்கும் நல்ல மனங்கள் சென்னையில் ஏராளம். அந்த அன்பு போற்றத்தக்கது, ஆனால் போதாது. பூனை 5 மாதத்திலேயே சினைப்படலாம். சுமார் 9 வாரத்தில் குட்டி போடும்; பாலூட்டும்போதே மறுபடி சினையாகும். குட்டிகளில் பல நோயிலும் வண்டிச் சக்கரத்திலும் மடிகின்றன. பிடித்து, கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பணியை, நாய்களுக்குச் செய்வதுபோல் பூனைகளுக்கும் உள்ளாட்சிகள் விரிவாகச் செய்ய வேண்டும். சாக்கில் கட்டி வேறு பேட்டையில் விட்டுவருவது கொடுமை.

தெருப்பூனையை வீட்டுக்குத் தத்தெடுப்பவர்களுக்கோ பொறுமை வேண்டும். முதல் சில நாள் ஒரே அறை போதும்: மணல் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. கட்டிலடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள், தானாக வரட்டும். பால்கனிக்கு வலை அடித்த பிறகே கதவைத் திறங்கள்.